எழுந்து நில், எழுதிக் கொடு!

பத்து ரூபாய்!

புண் பிடித்த கழுத்தோடு ஒரு மாட்டை நுகத்தில் பூட்டி, அதனால் இழுக்க முடியாத பாரத்தை ஏற்றி, இழுக்கவில்லை என்று வாலை முறுக்கி அடித்து ஓட்டுகிறவன் முதல் தடவை பிடிபட்டால், இந்த நாட்டுச் சட்டம் அவனுக்குப் போடும் அபராதம் பத்து ரூபாயில் தொடங்குகிறது. ஐம்பது ரூபாயோடு முடிந்துவிடுகிறது. 1960-ஆம் ஆண்டு வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவை எடுத்துப் பார். மூன்று ஆண்டுக்குள் மறுபடியும் அதே குற்றம் செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். திருநெல்வேலி ஜங்ஷனில் இரண்டு பேர் உட்கார்ந்து டீயும் வடையும் சாப்பிட்டு எழுந்தால் ஐம்பது ரூபாய் போய்விடும். ஓர் உயிரை நடுரோட்டில் சித்திரவதை செய்வதற்கு அதுதான் விலை!

1960-இல் ஐம்பது ரூபாய் என்பது ஒரு கூலித் தொழிலாளியின் பல நாள் உழைப்பு. கட்டினால் வலித்தது. அதற்குப் பிறகு அரிசி விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, எல்லாம் ஏறியது. இந்த ஒரு தொகை மட்டும் அசையவில்லை. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு, மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அழைத்தது. அது வரைவாகவே நிற்கிறது. ஏன் நிற்கிறது? அதைத் தள்ளுவதற்கு ஆள் இல்லை. தண்ணீர் வரவில்லை என்றால் காலிக் குடத்தோடு ரோட்டை மறிக்கிறோம். பஸ் நிற்கவில்லை என்றால் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்கிறோம். வாயில்லாத ஜீவனுக்காக மட்டும், “நம்மளால என்னல ஆகப் போகுது?” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறோம்.

தம்பி, தங்கச்சி, அந்த ஒரு வாக்கியத்தை இன்றோடு தலைமுழுகு! தாமிரபரணி பக்கத்தில்தான் ஓடுகிறது.

இந்தப் பத்து ரூபாய்ச் சட்டமே எப்படி வந்தது என்று உனக்குத் தெரியுமா? மதுரையில் 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் என்ற ஒரு பெண்மணி கொண்டுவந்தது. நடனக் கலைஞர். கலாக்ஷேத்ராவை உருவாக்கியவர். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். நியமன உறுப்பினருக்குத் தொகுதி கிடையாது. பின்னால் நின்று கைதட்டக் கட்சி கிடையாது. சட்டம் படித்த வக்கீலும் அல்ல அவர். அப்படிப்பட்டவர் விலங்குவதைக்கு எதிராக ஒரு தனிநபர் மசோதாவை எடுத்துக்கொண்டு போய் அவையில் வைத்தார். தனிநபர் மசோதாக்கள் பெரும்பாலும் தூசி படிந்து கிடக்கும் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். இந்தப் பெண்மணி பேசிய பேச்சைப் பிரதமர் நேருவால் ஒதுக்கிவிட முடியவில்லை. உங்கள் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், அரசே இன்னும் விரிவான மசோதாவைக் கொண்டுவரும் என்று உறுதி சொன்னார். குழு போட்டார்கள், விசாரித்தார்கள், இழுத்தார்கள். 1960 டிசம்பர் 26-ஆம் தேதி அது சட்டமாயிற்று. 1962-இல் அந்தச் சட்டத்தின்படி இந்திய விலங்கு நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். வாரியம் பல ஆண்டுகள் நம் சென்னையில்தான் இயங்கியது.

அவர் அவைக்குள் போனதிலிருந்து சட்டம் வரும்வரை எட்டு வருஷம்! நீ ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு எட்டு நாளில் பதில் வரவில்லை என்று வாடிப் போகிறாய். ஒரு தனி மனுஷி, ஓட்டு வங்கி இல்லாத, மாடுகளுக்கும் நாய்களுக்கும் ஓட்டே இல்லாத ஒரு காரியத்தை எட்டு வருஷம் சுமந்து கரை சேர்த்தார் என்றால், இருபது வயதில் இரும்புபோல இருக்கிற உனக்கு என்ன குறை?

“அது டெல்லிச் சட்டம், நம்ம ஊர் எம்.எல்.ஏ. என்ன செய்ய முடியும்?” என்று கேட்பாய். நிறையச் செய்ய முடியும். அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் 17-ஆவது இனமாக இருப்பது விலங்குவதைத் தடுப்பு. பொதுப் பட்டியல் என்றால் டெல்லிக்கும் உரிமை உண்டு, கோட்டைக்கும் உரிமை உண்டு. சென்னை மாகாணம் 1873-இலேயே காட்டு யானைகளைக் காப்பாற்றத் தனிச் சட்டம் போட்ட மாகாணம். அந்தப் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

2017 தை மாதத்தை நினைத்துப் பார். உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டை நிறுத்தியிருந்தது. மெரினாவில் கூடிய கூட்டம் நாளுக்கு நாள் பெருகியது. நெல்லையிலும் கல்லூரிப் பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள். ஒரே வாரம். ஜனவரி 23 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், மேலே சொன்ன அதே 1960-ஆம் வருஷத்துச் சட்டத்தை மாநில அளவில் திருத்தியது! குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இதைவிட என்ன சாட்சி வேண்டும் உனக்கு? செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நின்ற பிள்ளைகள், அம்பத்தாறு வருஷத்துச் சட்டத்தின் வாசகத்தையே மாற்றினார்கள்.

ஆனால் நான் இங்கே உன்னை விடப்போவதில்லை. காளைக்காக நிற்கிறேன் என்றுதானே அன்றைக்குச் சொன்னோம்? அந்தச் சொல்லின் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. 2014 தீர்ப்பில் விலங்கு நல வாரியத்தின் அறிக்கைகள் வரிசையாகக் கிடக்கின்றன. வாலைக் கடித்தது, முறுக்கி ஒடித்தது, கண்ணில் எரிச்சல் பொடி தூவியது, சாராயம் ஊற்றியது. 2017-இல் வந்த விதிகள் இதையெல்லாம் தடுக்கத்தான் வந்தன. கால்நடை மருத்துவர் பரிசோதிக்காத காளை வாடிவாசலுக்கு வரக்கூடாது. 2023 தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய், விதிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டிய பொறுப்பு மாவட்ட ஆட்சியர்கள் மேல் என்று எழுதியிருக்கிறது. விதியை மீறுகிறவனைப் பார்த்தும் வாய் மூடி நிற்கிறவன், தை மாதத்தில் கத்திய கத்தலுக்கு அர்த்தம் இல்லாமல் செய்கிறான். உரிமைக்காக ஊரைக் கூட்டத் தெரிந்த உனக்கு, ஒரு காளையின் வாலுக்காக ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதத் தெரியாதா?

அதே 2023-இல் இன்னொன்றும் நடந்தது. மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்த படத்தை நீயும் பார்த்திருப்பாய். அந்த வருஷமே மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. ஊர் கொதித்தால் அரசாணை நகரும். களக்காட்டிலிருந்து சிவசைலம், கடையம் வரை மலையடிவாரத்தில் வாழைக்கும் நெல்லுக்கும் ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிற நம் விவசாயி, பன்றியிடமிருந்து பயிரைக் காப்பாற்ற வேலி போடுகிறார். அவரை எதிரி என்று நினைக்காதே. பயிர் இழப்பீடு காலத்தோடு கையில் கிடைத்தால் கள்ளக் கம்பியில் கரண்ட் இழுக்கும் தேவையே வராது. ஆகவே உன் மனுவில் யானையின் பெயருக்குப் பக்கத்தில் அந்த விவசாயியின் இழப்பீடும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்கிறவனைத்தான் ஊர் நம்பும்.

யானை என்றதும் நெல்லைக்காரர் எல்லார் மனசிலும் ஒரே முகம்தான் வரும். காந்திமதி. நெல்லையப்பர் கோயில் யானை. ஆனித் தேரோட்டத்தில் அவள் முன்னால் நடக்காமல் தேர் நகர்ந்ததாக நமக்கு நினைவே இல்லை. வயது ஏற ஏற மூட்டு வலி. சூடேறிய கல்தளத்திலும் தார் ரோட்டிலும் அந்தப் பெரிய பாதங்கள் படும் பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல், 2022-இல் பக்தர்கள் சேர்ந்து பன்னிரண்டாயிரம் ரூபாய் செலவில் தோல் செருப்பு தைத்துக் கொடுத்தார்கள். நாலு கால், நாலு செருப்பு. வார் வைத்து, பாதத்தின் அளவெடுத்து, தட்டு மாதிரி அகலமாகத் தைத்த செருப்பு. போட்டுக்கொண்டு அவள் நடந்ததை ரத வீதியில் பிள்ளைகளெல்லாம் ஓடி ஓடிப் பார்த்தார்கள். 2025 ஜனவரி 12 அன்று காந்திமதி போய்விட்டாள். வயது 56. டவுணே அழுதது.

அந்தச் செருப்புக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு மூத்த உறவு உண்டு. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போயிருந்தால் தெரியும். அங்கே பட்டவராயனுக்குக் காணிக்கை செருப்பு. தேங்காய் பழம் கொண்டுபோகிற கையில் தோல் செருப்பையும் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். யார் அந்தப் பட்டவராயன்? பிராமணக் குடியில் பிறந்து, தோல் தைக்கும் குடும்பத்துப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, செருப்புத் தைத்து, அவர்கள் வீட்டுக் கிடை மாடுகளைக் களவாட வந்தவர்களோடு மோதி உயிர்விட்ட முத்துப்பட்டன். நாங்குநேரி தந்த அறிஞர் நா. வானமாமலை தொகுத்துப் பதிப்பித்த கதைப்பாடல் அவன் கதைதான். வில்லுப்பாட்டில் விடிய விடியக் கேட்டிருப்பாய். சாதியை உதறியவன், மாட்டுக்காக மாண்டவன், அவனைச் சாமியாக்கிக் கும்பிடுகிற மண் இது! விலங்குக்காகக் குரல் கொடுப்பது பட்டணத்துப் பணக்காரர் பொழுதுபோக்கு என்று எவனாவது உன்னைக் கேலி பேசினால், காரையாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.

காந்திமதிக்கு அழுத ஊருக்கு ஒரு கேள்வி. 2011-இலிருந்தே தமிழ்நாட்டில் வளர்ப்பு யானைகளின் பராமரிப்புக்குத் தனி விதிகள் இருக்கின்றன. அதை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023-இல், கோயில்கள் இனிப் புதிதாக யானை வாங்கக்கூடாது என்று உத்தரவிடும்படி துறைச் செயலர்களுக்குச் சொன்னது. 2024 நவம்பர் 18 அன்று திருச்செந்தூரில் தெய்வானை யானை, தன்னைப் பார்த்துக்கொண்ட பாகனையும் அவர் உறவினரையும் கொன்றது. இரண்டு குடும்பங்கள் தெருவில் நின்றன. சங்கிலி யானைக்கு மட்டும் அல்ல, பாகனுக்கும் அதுதான் வாழ்க்கை. யானைக்கு மண் தரையும் நடையும் குளியலும் வேண்டும் என்று கேட்கும்போதே, பாகனுக்கு நிரந்தரச் சம்பளம், பயிற்சி, காப்பீடு என்றும் கேள். காந்திமதி இருந்த இடத்தில் இன்னொரு குட்டியைக் காட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து கட்ட வேண்டாம் என்று சொல்லும் துணிவு நெல்லைக்கு வேண்டும். இது பக்திக்கு எதிரான பேச்சு அல்ல. பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குச் செருப்பு தைத்துக் கொடுத்த அதே பக்தியை அடுத்த படிக்குக் கொண்டுபோகச் சொல்கிறேன்.

இப்போது கவனமாகக் கேள். சட்டம் கேட்கப் போகிறவனுக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1950-இல் சென்னை மாகாணத்தில் கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடைசெய்து ஒரு சட்டம் வந்தது. வந்தது, புத்தகத்தில் தூங்கியது. சுடலைமாடன் கொடையும் இசக்கியம்மன் கொடையும் வழக்கம்போல நடந்தன. 2003 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி உத்தரவு போட்டார். தென்மாவட்டங்கள் கொந்தளித்தன. தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து கிடாய் நேர்ந்துவிட்ட குடும்பத்தார் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். ஆறு மாதம் தாங்கவில்லை. 2004 தொடக்கத்தில் அந்தச் சட்டமே ரத்தாயிற்று.

ஆட்டின் கழுத்து வலி எனக்கும் வலிதான். ஆனாலும் சொல்கிறேன், அந்தச் சட்டம் தோற்றதற்கு ஜனங்களைக் குறை சொல்லாதே. குலசாமியின் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து பேசாதவர்கள் மேலேயிருந்து எறிந்த சட்டம் அது. பெரிய கோயிலில் காலமெல்லாம் சங்கிலியில் நிற்கிற யானையைப் பற்றி வாய் திறக்காதவர்கள், ஏழையின் ஓட்டுக்கூரைக் கோயிலில் வருஷத்துக்கு ஒரு நாள் வெட்டுகிற கிடாயை மட்டும் குற்றம் என்றால் எந்த ஊர் ஒத்துக்கொள்ளும்? எளியவன் செய்தால் கொடுமை, வசதி உள்ளவன் செய்தால் மரபு என்று பேசுகிற நாக்கால் எந்த உயிரையும் காப்பாற்ற முடியாது. நீ பேசப் போகும்போது முதலில் பெரிய இடத்தைக் கேள். பிறகு உன் சொந்தக் குடும்பக் கொடையில் உட்கார்ந்து, பெரியப்பாவிடமும் சித்தப்பாவிடமும் பேசு. அண்ணாச்சி, கிடாய்க்குப் பதில் வேறு நேர்ச்சை வைக்கலாமா என்று கேள். திட்டுவார்கள். அடுத்த வருஷமும் கேள்.

இதற்கு நேர் எதிரான கதையும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம். மணிமுத்தாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்து குளம் நிறைந்ததும் பறவைகள் இறங்கும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், பூநாரை, இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து. குளத்து மரங்களில் இடம் போதாமல் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் கூடு கட்டும். நீ ஒரு தடவையாவது பங்குனியில் போய்ப் பார். கூரை ஓடெல்லாம் எச்சம் படிந்து சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். மீன் வாடை மூக்கைத் துளைக்கும். காலை விடியுமுன் குஞ்சுகளின் கத்தல் காதைப் பிளக்கும். வேறு ஊராக இருந்தால் முதல் வாரத்திலேயே கிளையை வெட்டியிருப்பார்கள். இந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை! காற்றில் கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை எடுத்து, மீன் போட்டு வளர்த்து, சிறகு முளைத்ததும் விட்டுவிடுகிறார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்று விவசாயிக்குத் தெரியும்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் வெகு காலத்து வழக்கம். அரசு அதைச் சரணாலயம் என்று அறிவித்தது 1994-இல்தான். இப்போது உலக ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் கூந்தன்குளம் இருக்கிறது. ஜனங்கள் முதலில் வாழ்ந்து காட்டினார்கள், அரசு பின்னால் வந்து முத்திரை குத்தியது. 1950-ஆம் வருஷத்துச் சட்டம் செத்துப்போயிற்று, கூந்தன்குளம் உயிரோடு இருக்கிறது. எந்தப் பக்கம் பலம் இருக்கிறது என்று பார்த்துக்கொள். பாபநாசம் படித்துறையில் பொரிக்கு மொய்க்கிற மீன்களை யாரும் தூண்டில் போட்டுப் பிடிப்பதில்லை. அதற்கும் போலீஸ் காவல் கிடையாது.

அதற்காகச் சட்டமே வேண்டாம் என்று நினைத்துவிடாதே. கூந்தன்குளத்துக்காரர் கட்டுப்பாடு கூந்தன்குளத்து எல்லையோடு நின்றுவிடும். லாரியில் நெருக்கி அடைத்த மாட்டுக்கும், நள்ளிரவில் விஷம் வைக்கப்படுகிற தெருநாய்க்கும் சட்டம்தான் கை கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தை உன் விரல் நுனியில் வைத்துக்கொள். படித்தவனுக்குத்தான் தைரியம் வரும்.

தெருவில் யாரோ நாய்க்கு விஷம் வைத்துவிட்டான் என்று வை. ஸ்டேஷனில் போய் நின்றால், “நாய்க்கெல்லாம் கேஸா?” என்ற கேள்வி வரலாம். தலை குனியாதே, குரலும் உயர்த்தாதே. “பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 325 சார். விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ ஐந்து வருஷம் வரை தண்டனை” என்று சொல். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற சட்டம் அது. புகாரை எழுதிக் கொடு, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்கு. அடிக்கிறது, பட்டினி போடுகிறது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுகிறது மாதிரியான பல குற்றங்களில், 1960-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள். காவலர் மேல் கோபப்பட்டுப் பயனில்லாத இடம் அது. அங்கேதான் சட்டத்தையே மாற்றச் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல வேண்டிய இடம் சட்டமன்றம்.

நாய் கடித்த குழந்தையின் தாய் உன்னிடம் கோபமாகப் பேசினால், எதிர்த்துப் பேசாதே. அவள் கோபம் நியாயம். கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் ஒழுங்காக நடந்திருந்தால் அந்தக் குழந்தைக்குக் கடி விழுந்திருக்காது. 2023-ஆம் வருஷத்து நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள் அந்த வேலையை உள்ளாட்சி அமைப்புகள் மேல்தான் சுமத்தியிருக்கின்றன. அந்தத் தாயையும் கூட்டிக்கொண்டு போ. எந்த வார்டில் எத்தனை நாய்க்குக் கருத்தடை நடந்தது, எவ்வளவு செலவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

மேலப்பாளையம் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை போ. குற்றம் கண்டுபிடிக்கப் போகாதே, கற்றுக்கொள்ளப் போ. ஒரு மாட்டுக்கு வண்டியில் இரண்டு சதுர மீட்டர் இடம் விட்டு, நிரந்தரத் தடுப்பு வைத்திருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. வியாபாரியிடம் மரியாதையாகப் பேசிப் பார். வழியில் ஒரு மாடு கால் முறிந்து விழுந்தால் நஷ்டம் அவருக்கும்தான். தண்ணீர்த் தொட்டி எங்கே, நிழல் எங்கே, ஏற்றி இறக்கச் சாய்தளம் எங்கே என்று அவரே உன்னைவிடக் கோபமாகக் கேட்பார். அந்தக் கேள்விகளை அவர் பெயரோடும் அவர் சம்மதத்தோடும் எழுதிக்கொள். இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற மாணவர்களைத் தேடிப் போய் நட்பாக்கிக்கொள். புண்ணைப் பார்த்து நீ கண்ணீர் விடுவாய், அவர்கள் அந்தப் புண்ணுக்குக் காரணத்தை எழுதித் தருவார்கள். மனுவுக்கு இரண்டும் வேண்டும்.

மாவட்டந்தோறும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் ஒன்று இருக்க வேண்டும் என்பது 2001-ஆம் வருஷத்து விதி. நம் மாவட்டச் சங்கம் கடைசியாக எப்போது கூடியது, யார் யார் உறுப்பினர்கள், காயம்பட்ட விலங்குக்கு வண்டி உண்டா என்று கேள். கேட்கிற ஒரு ஆள் இருக்கிறான் என்று தெரிந்தாலே கோப்பு மேசைக்கு மேலே வரும். சட்டமன்றத்தில் கால்நடை பராமரிப்புத் துறையின் மானியக் கோரிக்கை வரும் முன்னால், உன் தொகுதி எம்.எல்.ஏ.வின் அலுவலகத்துக்குப் போ. அபராதத் தொகையை மாநில அளவில் உயர்த்தித் திருத்தம் கொண்டுவர முடியும், 2017-இல் செய்திருக்கிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு. சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது அங்கேயும் அதே மனு போகட்டும். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் போ. உன் துண்டின் நிறத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போ.

அலட்சியமாக நடத்துவார்கள். வேலை இல்லாத பயல் என்பார்கள். மனுஷனுக்கே வழியைக் காணோம், மாட்டுக்கு வந்துட்டான் என்பார்கள். சொல்லட்டும்! எதிர்த்துப் பேச முடியாத உயிருக்காக எதிர்த்துப் பேசிப் பழகிய நாக்கு, நாளைக்குக் கூலி குறைத்துக் கொடுக்கிறவனிடமும் பேசும், லஞ்சம் கேட்கிறவனிடமும் பேசும். நீ யாருக்காக இந்த வேலையைத் தொடங்குகிறாயோ, அந்த உயிருக்கு உனக்கு நன்றி சொல்லக்கூடத் தெரியாது. தெரிந்தும் செய்கிறாய் பார், அந்த இடத்தில்தான் உன் முதுகெலும்பு நிமிர்கிறது. ஆயிரம் மேடைப் பேச்சைக் கேட்டாலும் அந்த நிமிர்வு வராது.

வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையில்தான் ஆட்சியர் அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே எழுதி வை. என்ன பார்த்தாய், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் தெரு, வண்டி எண் என்ன என்று தெளிவாக எழுது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுது. என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வரியில் கேள். ஆத்திரத்தில் யாரையும் வசைபாடாதே. புகைப்படம் இருந்தால் இணை. இரண்டு நகல் எடு. ஒன்று கால்நடை பராமரிப்புத் துறை இணை இயக்குநருக்கு, இன்னொன்று உனக்கு. காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நில். மனு எண் போட்ட ரசீது கைக்கு வரும்வரை அந்த இடத்தை விட்டு நகராதே. ஒரு மாதம் கழித்தும் பதில் இல்லை என்றால், அதே எண்ணைக் குறிப்பிட்டு அடுத்த மனு எழுது. இந்தத் தடவை பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, கையெழுத்து இரண்டாகட்டும்.